இரண்டாவது டிரம்மின் சூடு

நேற்று ஏற்காடு கடைவீதியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையைக் கடந்தபோது ஈயம் பற்றவைக்கும் புகை வந்தது. நண்பா, உன் அறையின் வாசனை அது. நின்றுவிட்டேன். கடைக்காரர், "ஏனுங்க வக்கீலய்யா, ரேடியோ ஏதாச்சும் குடுத்திருந்தீங்களா?" என்றார். இல்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகே இதை எழுதத் தொடங்கினேன்.

எண்பதுகளின் நடுவில் நீ பெங்களூர் வேலையை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினாய். மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காப்பிக்கொட்டை உலர்த்தும் டிரம்கள் இரண்டு இருந்தன. சூடு வரம்பை மீறினால் வெப்பக்காற்று விசிறியைத் தானே நிறுத்தும் ஒரு சிறு கணிப்பொறியை அவற்றுக்குச் செய்துதர ஒப்புக்கொண்டாய். ஒப்பந்தத்தை எழுதியவன் நான். முதலாளி முன்னிலையில் நடக்கும் சோதனை தவறினால் இயந்திரத்தை நீயே எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. அப்படி நேர்ந்தால் உனக்கு மீண்டும் பெங்களூர்தான் என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

சோதனைக்கு முந்தின நாள் முதல் டிரம்மின் விசிறி சரியாக நின்றது. இரண்டாவது நிற்கவில்லை. எஸ்டேட்டின் கணக்கெழுதும் ரைட்டர் கொட்டையைக் கையில் அள்ளிக்கொண்டு வந்தார். "கருகற வாசம் வருதுங்க தம்பி. நாளைக்கு மொதலாளி மூஞ்சியில நான் முழிக்கோணுமுங்க," என்றார்.

உன் நிரலில் ஒரு மேக்ரோ இருந்தது. சில கட்டளைகளை ஒரு பெயரின் கீழ் ஒருமுறை எழுதிவைத்தால், அந்தப் பெயர் வரும் இடமெல்லாம், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் அசெம்பிளர் அவற்றை விரித்துக்கொள்ளும் என்று எனக்கு விளக்கியிருந்தாய். வெப்ப வரம்பை எடுத்துவருவது அந்த மேக்ரோவின் வேலை. வரம்பை எண்ணாகவே தரலாம். அது இருக்கும் நினைவக முகவரியைத் தரலாம். அந்த முகவரி எங்கே எழுதியிருக்கிறது என்பதை மட்டும் தரலாம். இந்த மூன்று முறைக்கும் மேக்ரோவின் பெயர் ஒன்றே.

"ஆளைக் காட்டறது, ஆளோட ஊட்டைக் காட்டறது, ஊடு தெரிஞ்சவரைக் காட்டறது. அவ்வளவுதான் வக்கீலு," என்றாய்.

"மூணாவது வழியில போயி நோட்டீஸ் குடுக்கறதுக்குள்ள கேஸே முடிஞ்சுரும்," என்றேன்.

முதல் டிரம்முக்கு வரம்பு மாறாதது, எண்ணாகவே தந்திருந்தாய். இரண்டாவதில் கொட்டையின் வகைக்கேற்ப வரம்பு மாறும். ஆகவே அங்கே, முகவரி எழுதியிருக்கும் இடத்தைத் தரும் மூன்றாவது முறை.

நீ பலமுறை பார்த்தும் பிழை அகப்படவில்லை. எங்கள் அலுவலகத்தில் பத்திர நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தைச் சொன்னேன். ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர் மூலத்தில் விரல் வைத்துத் தொடர்வார். அப்படியே செய்தோம். மேக்ரோ விரிந்த பிரதியை நான் படித்தேன். பொருள் எனக்குத் தெரியாது. அதனால் எந்த வரியையும் தாண்டவும் தெரியாது.

ஓரிடத்தில் நிறுத்தினேன். "மேல ஹெச்-எல்லுல ஒண்ணை வெச்ச. இங்க அதே ஹெச்-எல்லுல வேறொண்ணை வெக்கற. மொதல்ல வெச்சது எங்க போச்சு?"

உன் விரல் மூலத்தில் தேடியது. "என்ற மூலத்துல அந்த வரியே இல்லைடா," என்றாய். மேக்ரோ இருந்த தாளைப் புரட்டிப் பார்த்து, "மேக்ரோவுக்குள்ள இருக்குது," என்றாய்.

கணிப்பொறி தற்காலிகமாகப் பொருள் வைக்கும் பெட்டி அந்த ஹெச்-எல். விசிறியின் முகவரியை நீ அதில் வைத்திருந்தாய். மூன்றாவது முறை மட்டும் தன் தேவைக்கு அதே பெட்டியைப் பயன்படுத்தி, இருந்ததை அழித்தது. நிறுத்தும் ஆணை வேறெங்கோ போயிற்று. மேக்ரோவின் தொடக்கத்தில் பெட்டியில் இருப்பதை ஒதுக்கிவைத்து, முடிவில் திரும்ப வைக்கும்படி மாற்றினாய்.

"எடுக்கறதுக்கு முந்தி, எதைத் திருப்பி வெக்கோணும்னு எழுதிப்போடோணும்," என்று சொன்னாய். என் நினைவில் உள்ளவரை இவைதாம் உன் சொற்கள்.

மறுநாள் காலை இரண்டாவது விசிறியும் நின்றது. முதலாளி எல்லாருக்கும் காப்பி கொண்டுவரச் சொன்னார். ரைட்டர் உன்னிடம், "இனி பெங்களூரு பஸ்ஸுக்கு நிக்க வேண்டாமுங்க," என்றார். நீ நிற்கவில்லை. கடைசிவரை இந்த மலையில் இருந்தாய். இங்கேயே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாய்.

போன வாரம் கிளியூர்க்காரர்களான அண்ணன் தம்பி இருவருக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினேன். பங்குகளைக் குறிப்பிடும் முன்பே, அவர்களுடைய தாயார் ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை எழுதினேன்.

"ஏனுங்க, பங்கை எழுதாம அம்மாளை எதுக்குங்க மொதல்ல எழுதறீங்க?" என்றார் மூத்தவர்.

"அப்பறம் எழுதினா அவங்க இருந்த எடம் தெரியாம போயிருமுங்க," என்றேன்.

சுவரோரம் அமர்ந்திருந்த தாயார், "அதை இன்னொருக்கா படிங்க சாமி," என்றார்.

படித்தேன்.