பாலத்து ஏற்றத்தில் வழுக்கிய கிளட்ச்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ குளிக்கிறாய். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் எழுதிவைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போகிறேன். பாப்பாவுக்குச் சோறு பிசைந்து வைத்திருக்கிறேன்.

காலையில் அவளோடு பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இன்ஜின் அலறியது, கார் நகரவில்லை. கிளட்ச் தேய்ந்து வழுக்கி, ஒரே கருகல் நாற்றம். கார் பின்னால் நின்ற பஸ்ஸை நோக்கி உருண்டது. ஒரு முழம் இருக்கும்போதுதான் பிரேக் பிடித்தேன். அவள் கைதட்டி, "அப்பா, இன்னொரு வாட்டி!" என்றாள்.

"கார்ல ஏதோ கருகுதுங்க" என்று நீ போன வாரமே சொன்னாய். "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்" என்று உன் வாயை அடைத்தேன். அன்றிலிருந்து நீ என்னோடு சரியாகப் பேசவில்லை.

பி.கு.: கார் சரியாகி வந்தாலும் சாவி உன்னிடமே இருக்கட்டும். நான் எவ்வளவு கெஞ்சினாலும் பாப்பாவை அதில் ஏற்ற விடாதே.