மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள்

அன்பிற்குரிய துணைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். மாத்திரையை உணவுக்குப் பின்னரே உட்கொள்.

மகள் வாங்கி அனுப்பிய வீடியோ கேமில், இருவர் சேர்ந்து வீட்டுச் சாமான்களைச் சுமந்து வீடு மாற்ற வேண்டும். தனியாக ஆடினால் மறுமுனையை எந்திரமே பிடித்துக்கொள்கிறது; நான் சொன்னபடி நடக்கிறது. ஒரு கோப்பைகூட உடையாமல் எல்லாக் கட்டங்களையும் முடித்தேன். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், பெருக்கிய அறையையே மீண்டும் பெருக்கினேன்.

சென்ற வாரம் என் அறைத்தோழரான கிரேன் ஓட்டுநர் ஆட்டத்தில் சேர்ந்து மறுமுனையைப் பிடித்தார். கட்டிலை எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே இழுத்துவிட்டார், ஜன்னல் நொறுங்கியது.

"சார், பாடம் அப்புறம் நடத்தலாம், மொதல்ல தூக்குங்க! அண்ணி உங்களோட எப்படித்தான் குப்பை கொட்டுறாங்களோ!"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அன்று ஒரு கட்டம்கூட முடிக்கவில்லை.

நேற்று அவரை வேறு பணியிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கவலைப்படாதே, அறை இப்போது விசாலமாக இருக்கிறது.

ஒரு சிறு வேண்டுகோள். தொலைவில் இருப்பவர்களும் இணையம் வழியே சேர்ந்து ஆடலாமாம். மகளிடம் சொல்லி நம் வீட்டு டிவியில் அந்த கேமைப் போட்டு வை. நாம் வீடு மாறியபோது பீரோவை நடுப்படியில் நிறுத்திவிட்டுச் சண்டையிட்டோமே, அதேபோல் நீ என்னைத் திட்டலாம். உனக்காக விதிமுறைகளை வரிசையாக எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். நீ இழுக்கும் பக்கம் நான் வருகிறேன்.

வேலைக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது.

உன் கணவன்