படத்தின் மற்றப் பாதி

பெப்ரவரி 7, சனி

வெயில். காற்றே இல்லை. கொழும்பில் காலி வீதி நெடுகச் சுதந்திர தினக் கொடிகளை இன்னும் கழற்றவில்லை.

இன்றைய ஓடர்: ரோல்ஸ், மீன் கட்லட், சீனி போட்டதும் போடாததுமாகத் தேநீர். காலையிலிருந்து, ஓடருக்குச் சிற்றுண்டி செய்து கொடுக்கும் பத்மா அன்ரியின் குசினியில் ரோல்ஸ் சுற்றினேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று வந்த நாளிலிருந்து இதுதான் வேலை. மாலையில் வெள்ளவத்தை மண்டபம். பழைய படம் பார்க்கும் பெரியவர்களின் குழு. கதவடியில் மேசை, கோப்பைகள், நான். யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அதனால்தான் இந்த வேலை பிடிக்கும்.

கறுப்பு வெள்ளைப் படம். யுத்தத்துக்கு எதிரான படங்களில் உலகமே கொண்டாடுகிற படமாம். கீழே ஆங்கில எழுத்து. வாசிக்க முன் ஓடிவிடும். ஆனால் முகங்கள் விளங்கின. ஒரு கிராமத்துப் பையன். ஆள் சேர்க்க வந்தவன் அவனிடம் சொல்கிறான்: உனக்குத் துவக்கும் இல்லை, சுடுவதும் இல்லை, குதிரைகளைப் பார்த்துக்கொண்டால் போதும். பையன் சிரித்துக்கொண்டு போகிறான். குதிரைகளைத் தேய்க்கிறான், பெயர் வைக்கிறான். பாதிப் படம் அதுதான். பிறகு பனி. குண்டு. குதிரைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கடைசிக் குதிரையும் விழுந்த அன்று ஒருவன் வந்து பையனின் கையில் துவக்கைத் திணிக்கிறான். ஒரு சொல் இல்லை. முடிவில் பையன் வெறும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் நடக்கிறான். திரை முழுக்க வெள்ளை. ஒரு சத்தம்.

யாருக்கோ ஊற்றிய தேநீர் என் கையிலேயே ஆறிவிட்டது.

காரணம், அண்ணா. அவனுக்கு விசா வந்துவிட்டது. ரஷ்யா. இராணுவ முகாமில் குசினி வேலை. ஏஜென்ட் சொன்னானாம்: "துவக்குத் தொடவே தேவையில்லை தம்பி. கிழங்கு உரிச்சாக் காணும்."

படம் முடிந்ததும் எல்லோரும் கருத்துச் சொன்னார்கள். தட்டோடு நடந்தபோது காதில் விழுந்தவை:

"கமரா வேலையைப் பாருங்கோ. ஒவ்வொண்டும் ஒரு பெயின்டிங்."

"கொஞ்சம் இழுவை. குதிரைக் கட்டத்தைக் குறைச்சிருக்கலாம்."

"எங்கட பிள்ளையள் கட்டாயம் பார்க்க வேணும்." (இவருடைய பிள்ளைகள் ரொறன்ரோவில்.)

"இது வெள்ளைக்காரன்ர சண்டை. நாங்கள் பட்ட நோவு இதில இல்லை."

"நீர் எங்க பட்டனீர்? நீர் அப்ப லண்டனில எல்லே!" எல்லோரும் சிரிப்பு.

"கட்லட் நல்லாயிருக்கு. ஆர் செய்தது?"

குழுவை நடத்துகிறவர் ஒரு ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். எல்லோருக்கும் 'சேர்'. என்னிடம் கேட்டார்: "பிள்ளை, நீரும் பார்த்தனீரோ? விளங்கினதோ?"

தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற மனுசி சொன்னார்: "அவளுக்கென்ன சேர் விளங்கும், பாவம்."

பதில் எனக்குப் புறக்கோட்டையில் பஸ் மாறும்போதுதான் வந்தது. கொண்டக்டருக்குச் சொல்லவா?

பெப்ரவரி 8, ஞாயிறு

பைப்பில் தண்ணீர் மெல்லிசாக வருகிறது. இரண்டு வாளிதான் பிடித்தேன்.

அண்ணா புறக்கோட்டையில் தடித்த ஜக்கெட் ஒன்று வாங்கி வந்தான். கொட்டாஞ்சேனை வெயிலில், எங்கள் தகரக் கூரைக்குக் கீழே, அதைப் போட்டுக்கொண்டு நின்றான். வேர்வை ஒழுகியது.

"எப்பிடி? ஹீரோ மாதிரியோ?"

"அவிச்ச கிழங்கு மாதிரி," என்றேன். அம்மா கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். "பஞ்சு நல்லது, குளிராது," என்றார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்பா போன பிறகு கண்டதில்லை.

சேரின் குழுவினர் அதே படத்தை வருகிற சனி இங்கே கொட்டாஞ்சேனை மண்டபத்தில் போடுகிறார்கள். சிற்றுண்டி எங்களது. அண்ணாவிடம் கேட்டேன்.

"என்ன படமடி?"

"குதிரைப் படம். சும்மா வாவன்."

"ரோல்ஸ் தருவினமோ?"

"தருவினம்."

"அப்ப வாறன்."

கதையைச் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டான். நான் சொல்வதை விடப் படம் நன்றாகச் சொல்லும். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், வீட்டுக்கு வந்து ஜக்கெட்டைக் கழற்றிவிடுவான் என்று நினைத்தேன்.

பெப்ரவரி 14, சனி

பேனை தாளைக் கிழிக்கிறது. கிழியட்டும்.

நான்கு மணிக்குப் படம் என்று போட்டிருந்தார்கள். நடந்தவை:
பிரதம விருந்தினர் வரும்வரை காத்திருப்பு.
குத்துவிளக்கு. ஒரு திரிக்கு ஒரு பிரமுகர். ஃபான் காற்றில் அணைந்து மறுபடியும்.
வரவேற்புரை.
தலைமையுரை.
பொன்னாடை. போட்டவருக்கும் ஒரு பொன்னாடை.
பிரதம விருந்தினர் உரை. படத்தை இன்னும் பார்க்கவில்லை என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுப் படத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

பிறகுதான் படம். அண்ணா கடைசி வரிசையில். நான் கதவடியில். படத்தைப் பார்க்கவில்லை, அண்ணாவைப் பார்த்தேன். பையன் குதிரைக்குப் பெயர் வைக்கும்போது சிரித்தான். வைக்கோலில் குதிரையின் வயிற்றோடு சாய்ந்து பையன் தூங்குகிறான். இனிப் பனி. இனித்தான்.

லைட் போட்டார்கள்.

இரவு அந்த மண்டபத்தில் பிறந்தநாள் விழா. பலூன்காரர்கள் வாசலில் நின்று சிங்களத்தில் சத்தம் போட்டார்கள். சேர் மைக்கைப் பிடித்தார்: "நேரம் போதாது. மிகுதிக் கதை என்னவெண்டால், யுத்தம் கொடியது. அதை டைரக்டர் அழகாச் சொல்லியிருக்கிறார்." கைதட்டல்.

அத்தோடாவது விட்டார்களா? பாதிப் படத்துக்குக் கருத்துச் சொன்னார்கள்!

"மனசைத் தொட்டிட்டுது."

"வாயில்லாச் சீவனில அன்பு காட்ட வேணும் எண்டதுதான் மெசேஜ்."

"யுத்தத்துக்குள்ளயும் ஒரு அமைதி இருக்கெல்லே?"

உரைகளில் ஒன்று குறைந்திருந்தால் அவன் அந்தத் துவக்கைக் கண்டிருப்பான். ஒரேயொரு உரை.

அண்ணா வாயில் ரோல்ஸோடு வந்தான். "நல்ல படமடி. பொடியன் லக்கி. குதிரையும் சாப்பாடும். சண்டை அவன்ர பக்கமே வரேல்ல, பார்த்தியே?"

பெப்ரவரி 15, ஞாயிறு

பைப்படியில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். மற்றப் பாதியைச் சொன்னேன். பனி, குண்டு, குதிரைகள் ஒவ்வொன்றாக. துவக்கு. கடிவாளம். வெள்ளைத் திரை. இவ்வளவு நேரம் நான் ஒரே மூச்சில் கதைத்ததே இல்லை. அவன் சவர்க்கார முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றான். ஒருமுறையும் சிரிக்கவில்லை. நம்பிவிட்டான் என்று நினைத்தேன்.

"அப்ப சேர் ஏன் உந்தக் கதையைச் சொல்லேல்ல?"

"நேரம் இல்லையாம்."

"படிச்ச மனுசன். இவ்வளவு நடந்தாச் சொல்லாமல் விடுவாரோ? நீ புளுகிறாய் சுகி. நான் போகக் கூடாதெண்டு."

"சத்தியமா அண்ணா."

உள்ளேயிருந்து அம்மா: "என்னடி அவனை வெருட்டுறாய்? போற நேரத்தில செத்த கதை!"

பெப்ரவரி 16, திங்கள்

வெள்ளவத்தையில் சேர் வீட்டுக் கேற்றடி. மூன்று தரம் தாண்டிப் போய்த் திரும்பி வந்து மணி அடித்தேன்.

"அன்ரி அனுப்பினவவோ? காசு குடுத்தாச்சே."

"இல்லை சேர். அந்தப் படத்தின்ர மற்றப் பாதி. அண்ணாவுக்குக் காட்ட வேணும்."

அவருக்கு அவ்வளவு சந்தோசம். கதிரை தந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரசனை இருக்கிறதென்று மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். பனிக் காட்சியில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கைகளால் காட்டினார். படம் அவரிடம் இல்லை. நண்பர் ஒருவர் கண்டிக்குக் கொண்டுபோய்விட்டார். "ஏப்ரலில திருப்பிப் போடுவம். அண்ணாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாரும்."

அவன் வியாழன் போகிறான் என்று சொல்ல வாய் திறந்தேன். கேக் தந்தார்கள். வாய் மூடிக்கொண்டது. அவர்கள்மேல் வந்த கோபத்தை விட அந்தக் கேக்கை விழுங்கிய என்மேல் வந்ததுதான் அதிகம்.

பெப்ரவரி 19, வியாழன்

விடியற்காலை ஏஜென்டின் வான் வந்து வாசலில் நின்றது. உள்ளே இன்னும் நாலு பொடியன்கள், எல்லோர் மடியிலும் ஜக்கெட். அம்மா திருநீறு பூசினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணா என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். பிறகு குதிரை மாதிரிக் கனைத்துக் காட்டினான்.

"குதிரைக்காரன் போயிட்டு வாறன்!"

வானுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். என்ன பகிடி என்று தெரியாமலே சிரித்தார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

மழை வரும் போலப் புழுக்கம். ரோல்ஸ் மாவு புளித்துவிட்டது, பத்மா அன்ரியிடம் ஏச்சு.

ஒரு கிழமையாகச் சத்தமில்லாமல் இருந்த அண்ணா இன்று ஃபோன் எடுத்தான். வீடியோ இல்லை. அம்மா சத்தமாகப் போட்டார். பின்னால் யாரோ வேற்று மொழியில் கத்திக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டியோ ராசா?"

"ஓம் அம்மா. எல்லாம் நல்லம். சாப்பாடு நல்லம்."

"குசினியில வேலை கனக்கவோ?"

"சுகி பக்கத்தில நிக்கிறாளோ?"

"நிக்கிறன் அண்ணா."

"சுகி, குதிரையள் எல்லாம் செத்துப் போச்சு."

கட்டாகிவிட்டது. திருப்பி எடுத்தேன். எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

கமரா வேலையாம். பெயின்டிங்காம். அமைதியாம்.

அன்ரியின் மெசேஜ்: சனிக்கிழமை வெள்ளவத்தைக் குழுவுக்கு ஓடர், கட்லட் கூடுதலாகப் போடட்டாம்.

வெளியில் பைப்படியில் அம்மா. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வது இங்கே கேட்கிறது: "அவன் இருக்கிற இடத்தில குதிரையும் வளர்த்தவையாம் பிள்ளை. குளிருக்குச் செத்துப் போச்சாம். இவன் சின்னனில இருந்தே அப்பிடித்தான், ஒரு நாய்க்குட்டி செத்தாலும் அழுவான்." சிரிக்கிறார்.

அம்மா படம் பார்க்கவில்லை. மற்றப் பாதியை நான்தான் சொல்ல வேண்டும். எழும்பிவிட்டேன். பேனையும் கையுமாகக் கதவடி வரை வந்துவிட்டேன்.

சிரித்து முடியட்டும்.