'ஆஃபுலி' என்றொரு சொல்

வியாழன், பாறசாலை.

தமிழ்ப் பகுதிகளைப் பிரித்துக் கேட்கும் எல்லைக் கிளர்ச்சி தொடங்கியதிலிருந்து எங்கள் தலைமையாசிரியருக்குத் தமிழ் வகுப்பைக் கண்டால் ஆகாது. அதை மூடவேண்டாம் என்று நான் இன்ஸ்பெக்டருக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அவர் வழியாகத்தான் போகவேண்டும். போன வாரம் அதை ஆசிரியர் அறையில் உரக்க வாசித்தார். 'ஆஃபுலி கைண்ட்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"ஆஃபுல்னா மோசம் ஆக்கும். தமிழ் டீச்சருக்கு எதுக்கு இங்கிலீஷ்?"

எல்லாரும் சிரித்தார்கள். 'ரொம்ப' என்ற பொருளில் மிஷன் பங்களா வெள்ளைக்கார மதாம்மாவின் வாயில் கேட்டு வளர்ந்த சொல் அது.

இன்று இன்ஸ்பெக்டர் வந்தார். என் பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டு, "ஆஃபுலி குட்" என்றார். முதல் சொல்லிலேயே தலைமையாசிரியர் பூரித்துப்போனார்.

"ஆமா சார், மோசம்தான். அதாக்கும் மூடணும்னு சொல்லுதேன்."

இன்ஸ்பெக்டர் விழித்தார். "ரொம்ப நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்? எதுக்கு மூடணும்?"

அத்தோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. பிள்ளைகள் முன்னாலேயே தலைமையாசிரியரிடம் சொன்னேன்: "சாரே, பாயசம் பயங்கர ருசின்னு நீங்க சொல்லுவீங்கல்லா? அதுபோல ஆக்கும் இதும்."

பின்வரிசைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் காது சிவந்ததை நன்றாகப் பார்த்தேன்.

வகுப்பு தொடரட்டும் என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனார். அதைவிட அந்தச் சிவந்த காதுதான் எனக்கு இனிக்கிறது. சற்றுமுன் ஜெபத்துக்கு முழங்காலிட்டேன். தலைமையாசிரியரை மன்னிக்கும் வார்த்தை மட்டும் வரவில்லை. வராமலே ஆமென் சொல்லி எழுந்துவிட்டேன்.