கப்பலை நிறுத்தியவனுக்கு, பஸ்ஸை நிறுத்தியவன்

சேசு மரி சூசை

செஞ்சி, 24-8-1967

அன்பு மகன் ஞானத்துக்கு, செஞ்சியின் மூன்று மலைக்கும் முடிசூடா மன்னனும் திண்டிவனம் பஸ்ஸின் டிரைவருமான உன் சித்தப்பா தோமினிக் எழுதிக்கொள்வது. நானும், உன் சித்தி இருதயமேரியும், அவளுடைய ஏழு கோழிகளும் மாதா புண்ணியத்தில் சுகம். லண்டன் குளிரில் நீயும் விறைக்காமல் சுகமாயிருக்க வேண்டுகிறோம். உன் போன கடிதத்தைப் பங்குச் சாமியார் பூசை முடிந்ததும் எல்லோருக்கும் படித்துக் காட்டினாலும் காட்டினார், இருபது வருஷமாக பஸ் ஓட்டிச் சம்பாதித்த என் பேர் ஒரே நாளில் போய்விட்டது. கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு உண்டாம், பாரம் ஏறி அது தண்ணீருக்குள் போனால், கப்பல்களைச் சோதிக்கிற இஞ்சினீரான நம் ஞானம் ஒற்றைக் கையால் கப்பலை நிறுத்திவிடுவானாம். அன்றிலிருந்து என் வயிறு எரிகிற எரிச்சலில் உன் சித்தி ஊருக்கே சோறு வடிக்கலாம். டீக்கடைக் கன்னியப்பன் என் பஸ் மேல் சுண்ணாம்பால் கோடு கிழித்து, இன்னா டிரைவரே, கோடு பூமிக்குள்ள பூடுச்சே, உன் அண்ணன் மவன் பார்த்தா வுடுவானா என்று கேட்டான், பஸ்ஸே சிரித்தது.

மாதா திருநாளன்று எழுபது பேர் தொற்றிக்கொண்டார்கள். வல்லம் ஏரிக்கரை மேல் போகும்போது வண்டி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. எழுபது பேரும் சேர்ந்தாற்போல் மூச்சை அடக்கியது என் முதுகில் கேட்டது. நிறுத்திவிட்டேன். இருபது பேர் இறங்கினால்தான் நகரும் என்றேன். திட்டினார்கள். நீ இன்னா லண்டன் இஞ்சினீரா என்றாள் உன் சித்தி, முதலில் அவளைத்தான் இறக்கினேன். மறுநாள் முதலாளி கூப்பிட்டு வேலை வேண்டுமா வேண்டாமா என்றார், இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்த நேரத்தில் உன் புதுக் கடிதம் வருகிறது. கப்பல்காரர்கள் பெரிய இடம், பாரம் சரி என்று அறிக்கையை மாற்றிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், மேலதிகாரியும் ஜாடை காட்டுகிறார், போட்டுவிடட்டுமா என்று கேட்கிறாய். போடாதே அப்பா. வேலை போனால் போகட்டும், கிளம்பி வா, இரண்டு பேருமாகக் கடலைக்காய் பிடுங்கலாம். நீ போட்டுவிட்டால் அப்புறம் நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது?

மாதா உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. மறக்காமல் சித்திக்கு ஒரு வரி எழுது, அவளை இறக்கிவிட்டது நியாயம்தான் என்று. நான் சொன்னால் நம்பமாட்டாள். நீ சொன்னால் நம்புவாள், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சலோடு ஆசீர்வதிக்கும் சித்தப்பா,
தோமினிக்