காய் வெந்த தண்ணீர்

மச்சான்,

இன்று காலையில் மருமகள் முட்டைக்கோஸ் வேகவைத்தாள். எனக்காகத்தான். இரத்தக் கொதிப்பு என்று சொல்லி டாக்டர் உப்பு, எண்ணெய், தாளிப்பு மூன்றையும் என் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். வெறும் தண்ணீரில் கோஸ் வேகும் வாடை, மம்பாவில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன வீடு முழுக்கப் பரவியது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பங்களா மணி அடிக்கப் போகிறது என்று காது காத்திருந்தது. லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன. நீங்கள் போய் அதற்கும் மேல். ஆனாலும் காது காத்திருந்தது.

அதனால்தான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது படித்தவன் எழுத்து, ஒற்றும் கொம்பும் அங்கங்கே விழுந்துபோயிருக்கும். நீங்களோ பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். குறை கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களைச் சீண்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. நான் பால்மரம் வெட்டுகிறவன். நீங்கள் மேட்டுப் பங்களாவில் துரைக்கும் துரைசாணிக்கும் சமைக்கிறவர், வெள்ளைக் கோட்டு போட்டவர். கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். துரைசாணி உங்களுக்குப் பழக்கிய சமையலை நீங்கள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு தாங்காது. தோலைத் தடிமனாகச் சீவ வேண்டும். அண்டா நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மூடி போடாமல் காயை அதில் தள்ள வேண்டும். பச்சை மாறாமலிருக்க ஒரு சிட்டிகை ஆப்பசோடா. குழைந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் மூன்று குவியலாக வைக்க வேண்டும். கடுகு இல்லை, மிளகாய் இல்லை.

"காயி என்ன தப்பு பண்ணுச்சு மச்சான்? முக்கா மணி நேரம் கொதிக்கிற தண்ணில போட்டு வதைக்கிறாங்க?"

"வெள்ளைக்காரங்களுக்குக் காயி தொட்டாச் சரியணும் மாப்ள. பல்லுக்கு வேலையே வைக்கக் கூடாது."

"அப்புறம் பல்லு எதுக்கு?"

"நம்மளப் பாத்துக் கடிக்கத்தான்."

ஆனால் அந்த வடித்த தண்ணீரை நீங்கள் கொட்டியதில்லை. கேரட் தண்ணீரோ கோஸ் தண்ணீரோ, பால்டின்னில் பிடித்து, வேலை முடிந்ததும் எங்கள் கூலி லயத்து வீட்டுக்கு எடுத்து வருவீர்கள். "சத்தெல்லாம் இதுலதான் இருக்கு, தொரைக்குச் சக்கைதான்" என்பீர்கள். உங்கள் தங்கை அதில் மிளகு தட்டிப்போட்டு ரசம் வைப்பாள். எங்கள் பாப்பா பிறந்து சோறு தின்னத் தொடங்கியதே அந்தத் தண்ணீரில் பிசைந்துதான். காய் வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றுவது எங்கள் வீட்டில் பாவம் என்று ஆகிப்போனது. அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர் நீங்கள். இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரையும் துரைசாணியும் ஒரே பெட்டியோடு காரில் ஏறிச் சிங்கப்பூருக்குப் போனார்கள். அங்கே கப்பல் ஏறினார்கள் என்பதுவரை தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொன்னார். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஜப்பான்காரன் வந்து கட்டில், ரேடியோ, நாற்காலியெல்லாம் லாரியில் ஏற்றிப் போனான். சாப்பாட்டு மேசை கதவில் நுழையவில்லை, அதையும் அதன் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளையும் விட்டுவிட்டான். உங்களையும் விட்டுவிட்டான். லயத்துக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டதற்கு, "வீட்டைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டீர்கள்.

பிறகு அந்த மணி தொடங்கியது. ஜப்பான்காரன் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்திருந்தான். உங்கள் பங்களாவில் மட்டும் பழைய நேரம். எங்களுக்கு இரண்டரை மணி ஆகும்போது உங்களுக்கு ஒரு மணி. அந்த நேரத்துக்கு ஆளில்லாத பங்களாவிலிருந்து சாப்பாட்டு மணி மூன்று முறை கேட்கும். பின்னாலேயே காய் வேகும் வாடை இறங்கி வரும். கோஸ் என்ற காயைத் தோட்டத்தில் யாரும் கண்டு ஒரு வருடமாகியிருந்தது. வந்தது கோஸ் வாடை.

பக்கத்து வீட்டு ஆட்டுக்காரர்தான் என்னைத் துரத்தினார். "ஒன் மச்சானத் தொரசாணி பிடிச்சிருச்சுடா. கடல்ல போன உசுரு, சோத்துக்கு வருது. போய்ப் பாரு."

"நீங்களும் வாங்கண்ணே."

"எனக்கு ஆடு இருக்குலா."

எனக்கும் பயம்தான். போனேன். உச்சி வெயில், ஒரு இலை ஆடவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். மேசையில் வெள்ளைத் துணி. இரண்டு தட்டு, இரண்டு முள்கரண்டி. தட்டில் வேகவைத்த கங்குங் கீரை, பப்பாளிக்காய், சேப்பங்கிழங்கு, ஒன்றையொன்று தொடாமல் மூன்று குவியல். நீங்கள் கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டு, கையில் துண்டோடு, ஒரு காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தீர்கள். குனிந்து, "இன்னுங் கொஞ்சம் வெக்கவா மேம்?" என்று கேட்டீர்கள். பதில் வந்ததுபோல் தலையாட்டினீர்கள். பிறகு அந்தத் தட்டில் ஒரு கரண்டி கீரை வைத்தீர்கள்.

நான் ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு பங்களாத் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. அதை எடுக்கத் திரும்பிப் போகவில்லை. மீதி ஜப்பான் காலம் முழுக்க நான் வெறுங்காலில் நடந்த காரணம் இதுதான். எல்லோரிடமும் செருப்பு தேய்ந்துபோனது என்று சொல்லியிருந்தேன்.

அரிசி நின்றுபோன காலம் அது. லயத்தில் எல்லோரும் மரவள்ளி நட்டார்கள், எல்லோருடையதையும் காட்டுப்பன்றி வந்து கிளறித் தின்றது. நான் ஒருமுறை பெடாஸ் போனபோது ஒரு வேலியோரத்தில் நன்றாக உயர்ந்து நின்ற செடிகளைப் பார்த்து, குச்சி ஒடித்து வந்து நட்டேன். பன்றி என் பாத்திக்கு வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. "என் பாத்தியப் பாத்தா பன்னிக்கே மரியாதை" என்று லயம் முழுக்கப் பெருமை பேசினேன். பன்றிக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை.

முதல் கிழங்கு பிடுங்கிய நாளை நான் மறக்கவில்லை. பாப்பாவுக்கு நாலு வயது. இரண்டு நாளாக வெறும் கீரைதான் அவள் வயிற்றில். உங்கள் தங்கை ஒரு துணுக்கும் வீணாகாமல் தோலை மெல்லிசாக உரித்து, நறுக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடி போட்டு வேகவைத்தாள். கிழங்கு வெந்து மேலே நின்ற தண்ணீரில் உப்புப் போட்டு, சிரட்டையில் ஊற்றிப் பாப்பா கையில் கொடுத்தாள். அவள் இரண்டு வாய் குடித்து, "கசக்குதும்மா" என்றாள். "குடி சாமி, அதுலதான் சத்து" என்று சொன்னவன் நான்.

அப்போது பங்களா மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது வரவில்லை.

கிழங்கை ஆறவைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். பங்களாவிலிருந்து லயத்துக்கு முக்கால் மைல். உங்கள் கோட்டில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. துண்டு இன்னும் கையில்.

"தண்ணியக் கொட்டு. மேம் கொட்டச் சொல்றாங்க."

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள் உங்கள் தங்கை.

நீங்கள் உட்காரவில்லை. பாப்பா கையிலிருந்த சிரட்டையைத் தட்டிவிட்டீர்கள். பானையைத் தூக்கிக் கொண்டுபோய், கிழங்கும் தண்ணீருமாக வாசல் மண்ணில் கவிழ்த்தீர்கள். பசித்த பிள்ளை வீறிட்டு அழுதது. எனக்குக் கண் இருண்டது. சத்து என்று சொல்லிப் பால்டின்னில் சுமந்து வந்த அதே மனிதர், என் பிள்ளையின் சோற்றை மண்ணில் ஊற்றினார். படியில் நின்ற உங்களைக் கன்னத்தில் அறைந்தேன். நீங்கள் வந்த வழியே நடந்தீர்கள்.

ஆட்டுக்காரரின் ஆடு வந்து, கொட்டிய தோலையும் ஈரக் கிழங்கையும் தின்றது. அதை விரட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் பின்னங்கால் மடங்கியது. வாயில் நுரை தள்ளி, எங்கள் வாசலிலேயே செத்தது. உள்ளே பாப்பா வாந்தி எடுக்கத் தொடங்கினாள்.

மச்சான், அந்த மாதிரி ஒரு சாயங்காலம் எதிரிக்கும் வரக் கூடாது. இரண்டு வாய்தான் குடித்தாள். தலை நிற்கவில்லை, கண் மேலே மேலே போயிற்று. உங்கள் தங்கை அவள் காதில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் "அம்மா, பசிக்குது" என்றாள். இந்த உலகத்தில் நான் கேட்ட நல்ல வார்த்தை அதுதான்.

மறுநாள் மேட்டுக்கு ஏறினேன், மன்னிப்புக் கேட்க. நீங்கள் மேசையில் மூன்றாவது தட்டு வைத்தீர்கள். நாற்காலி இல்லாததால் நின்றுகொண்டே தின்றேன். உப்பில்லாத கங்குங் கீரை. நான் செய்ததற்கு அதுவே போதுமான தண்டனை.

"எங்க பாத்தியில கெடந்தது நச்சுக் கிழங்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்? நீங்க அந்தப் பக்கம் வந்ததே இல்லையே."

"எனக்கு என்ன தெரியும் மாப்ள? சாப்பிட உக்காந்தவங்க எந்திரிச்சுட்டாங்க. கூடவே வான்னு சொன்னாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நாற்காலி லேசாக நகர்ந்திருந்தது.

அன்றிலிருந்து நீங்கள் சொன்னபடிதான் லயத்தில் மரவள்ளி வெந்தது. தோலைத் தடிமனாகச் சீவி, நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில், மூடி போடாமல், இரண்டு தடவை வடித்துக் கொட்டி. நான் சிரித்த அதே துரைசாணிச் சமையல். மற்ற தோட்டங்களில் கிழங்கு தின்று பிள்ளைகள் செத்த கதை வந்துகொண்டே இருந்தது. எங்கள் லயத்தில் ஆடு ஒன்றுதான். ஆட்டுக்காரர் அதைக் கடைசிவரை என்னிடம் சொல்லிக் காட்டினார்.

சண்டை முடிவதற்குச் சில மாதம் முன்பு கொசுக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. மருந்து எங்கும் இல்லை. உங்களை எடுத்துக்கொண்டு இறங்கிய அன்று, மணி அடிக்க ஆளில்லை. அது அடிக்கவும் இல்லை. அதைக் கேட்க வேண்டுமென்று லயம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் தங்கையிடம்கூட. பாப்பா பிழைத்த அந்தச் சாயங்காலம், அவளை மடியில் வைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து அவள் மேட்டுப் பக்கம் போனவள் இல்லை. நினைவு தெரிந்து ஒரு வெள்ளைக்காரியைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"அப்பா, மாமா பின்னால நின்னாங்களே, வெள்ளையா ஒரு அம்மா. அவங்களையும் அடிச்சிட்டியா?"

நான் அடித்தபோது நீங்கள் படியிலிருந்து பின்னால் சாய்ந்தீர்கள். பின்னால் கால்வாய். எலும்பும் தோலுமாக இருந்தீர்கள், விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பாதி சாய்ந்தபடியே, எதிலோ முதுகு பட்டதுபோல் நின்றீர்கள். பிறகு நிமிர்ந்து நடந்தீர்கள்.

பட்டினியில் என் கைக்குப் பலமில்லை, அதனால்தான் நீங்கள் விழவில்லை என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். இன்றுவரை அப்படித்தான் சொல்லி வருகிறேன். அடித்த கை என்னுடையது, எனக்குத் தெரியும் மச்சான். அது பலமான அடி.