கடலடியில் கிழங்கு உரித்தவன்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். இது ஆற்றோடு போன என் மாமாவுக்கு நான் எழுதுவது.

மாமா, உங்கள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். பீலிக் குழாய்த் தண்ணீரில் எத்தனை தடவை அலசியும் போகாத அந்த டீசல் வாடை இன்னும் வருகிறது. குளிருக்காகப் போடவில்லை. விடிந்ததும் இதை எரித்துவிடுவார்களாம். எரித்துவிட்டு என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போவார்களாம். உங்களைக் கூட்டிப்போன அதே இடத்துக்கு.

அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை. அம்மா பேயோட்டும் கோடாங்கியை அழைத்துவர ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். கதவை உள்ளே தாழ் போட்டிருக்கிறேன். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருமுவது கேட்கிறது. நான் அசைந்தால் அவளுக்கும் கேட்கும். அதனால் பென்சிலை மெதுவாக நகர்த்துகிறேன்.

இந்தச் சட்டையைக் கொடுத்தவன் யார் என்று நீங்கள் சொன்ன அன்று இடி இடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. நீங்கள் கூடையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து, தோல் அறுந்துவிடாமல் ஒரே சுற்றாக உரிக்க ஆரம்பித்தீர்கள்.

"என்னா மாமா, கறிக்கா?" என்றேன்.

"இல்ல புள்ள, பயத்துக்கு."

அதற்குப் பிறகுதான் சொன்னீர்கள். தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு ஓடிப்போய், கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நடுக்கடலில் அந்தக் கப்பல் வெடித்தது. நீங்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தபோது, பக்கத்திலேயே கறுப்பாக ஒரு நீர்மூழ்கி எழும்பி வந்தது. அதன் மேல் நின்றவன் ஜெர்மன்காரத் தளபதி. இளவயது, செம்பட்டைத் தாடி, தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தான். உங்கள் கப்பலின் பெயரும் அதில் இருந்த சரக்கும் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர் நீங்கள் என்பதால் உங்களைத் தூக்கினார்கள். நடுங்கிக்கொண்டிருந்த உங்களுக்கு அவன் தன் சட்டையையே கழற்றிக் கொடுத்தான். நீங்கள் தண்ணீரைக் காட்டினீர்கள். அங்கே ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கூட வேலை செய்த உங்கள் லுணுகலை ஊர்க் கூட்டாளி கிடந்தார்.

"எடமில்லன்னு தலய ஆட்டினான் புள்ள. கோவமா ஆட்டல. கடையில சீனி முடிஞ்சிருச்சின்னு சொல்லுவாங்கள்ல, அப்பிடி."

நீர்மூழ்கியின் சமையல்காரனுக்குக் கொஞ்சம் இங்கிலீசு தெரியும். தளபதியின் கதை அவன் வழியாகத்தான் உங்களுக்கு வந்தது. வடக்கே பனிக்கடலில் இன்னொருவனுக்குக் கீழே வேலை பழகியவன். பிறகு தனக்கென்று ஒரு நீர்மூழ்கி கிடைத்ததும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நம் கடலுக்கு வந்துவிட்டான். மூழ்கடித்த ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வெள்ளைக் கொடி தைத்து வைப்பான். பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழையும்போது எல்லாவற்றையும் கயிற்றில் கட்டிப் பறக்கவிடுவான். கரையில் பேண்ட் வாசிப்பார்கள். கடைசியாகத் தைத்த கொடி உங்கள் கப்பலுக்கு. அதன் ஓரத்தை மடித்துத் தைக்க உங்களையே பிடித்துக்கொள்ளச் சொன்னானாம் சமையல்காரன்.

ஆனால் எனக்குக் கனவில் வருவது கொடி இல்லை மாமா. மேலே எதிரிக் கப்பல் தேடி வரும் நேரம். தளபதி "ஃபுளூட்டன்!" என்று கத்துவான். தண்ணீரை உள்ளே விடு என்று அர்த்தம். நீர்மூழ்கி தலைகுப்புற ஆழத்துக்கு இறங்கும். மோட்டாரை நிறுத்துவார்கள், சப்பாத்தைக் கழற்றுவார்கள். இரும்புச் சுவரில் யாரோ சிறு கல்லை எறிவதுபோல டக், டக் என்று கேட்கும். மேலே இருப்பவன் தேடுகிற சத்தம் அது. அப்போது தளபதி எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு கிழங்கை உரிப்பான். தோல் அறுபடாத வரைக்கும் ஒருவனும் அழமாட்டான்.

"மேல இருக்கறவன் காத வச்சிக்கிட்டு இருக்கான். மூச்சக்கூட சின்னதா வுடணும்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

"அவன் நல்லவனா கெட்டவனா மாமா?" என்று கேட்டேன். "எனக்குச் சட்ட குடுத்தான்" என்றீர்கள்.

பினாங்கில் தளபதி உங்களை ஜப்பான்காரர்களிடம் ஒப்படைத்தான். அங்கே சிறையில் கிடந்து, யுத்தம் முடிந்து திரும்பி வந்த பிறகு உங்களால் லயத்துக் காம்பரா அறைக்குள் தூங்க முடியவில்லை. பனியில் வாசலில் படுத்தீர்கள். இடி இடித்தால் "ஃபுளூட்டன்!" என்று கத்தினீர்கள். அம்மா எத்தனையோ தாயத்துக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோடாங்கியைக் கூப்பிட்டாள். உங்கள் மேல் அவளுக்கு உயிர்.

கோடாங்கி உடுக்கை அடித்துக்கொண்டு கேட்டார்: "யாருடா நீ? எத்தன உசுர முழுங்குன? சொல்லு!"

நீங்கள் சொன்னீர்கள். "கரி ஏத்தின கப்பல முழுங்குனான். கோதும ஏத்தின கப்பல முழுங்குனான். நான் இருந்த கப்பல முழுங்குனான்." சாட்சி சொல்கிறவர்போல ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். பெண்கள் வாயில் கைவைத்தார்கள்.

"கப்பல் கப்பலா முழுங்கியிருக்குடி! நம்மூரு பேயா இது?"

"வெள்ளக்காரப் பேயிப்பா. சாராயம் ஆகாது, பிராந்தி கொண்டாங்க."

சிலர் சிரித்தார்கள். நான் கத்தினேன், "அது பேயில்ல! மனுசன்! அவன் ஊர்ல உசுரோட இருப்பான்!" யாரோ என் வாயைப் பொத்தினார்கள். அன்றிலிருந்துதான் லயமே என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறது. பேயின் சங்கதி இவளுக்கு எப்படித் தெரியும் என்று.

பிறகு ஆறு. பேயை விரட்ட உங்களை அங்கே இழுத்துப்போய்த் தலையைத் தண்ணீரில் முக்கினார்கள். நீங்கள் அவர்கள் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனீர்கள். பேய் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன் மாமா. கன்னம் நிறைய மூச்சைப் பிடித்து வைத்திருந்தீர்கள். யாரும் இழுக்கவில்லை. நீங்கள் ஒளிந்துகொள்ளத்தான் போனீர்கள். மேலே இருப்பவர்கள் போய்விட்டால் எழும்பி வருவீர்கள் என்று நான் கரையிலேயே நின்றேன். எல்லோரையும் போகச் சொல்லிக் கெஞ்சினேன். ஒருவரும் போகவில்லை.

பதுளைப் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து டீச்சரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "கரி அள்ளின மனுசனோட ஜெர்மன் கப்டன் கதைச்சவனே? உமக்கு நல்ல கற்பனை பிள்ளை. ஒரு கட்டுரையா எழுதும்" என்றார்.

போன வாரம் பெரிய இடி. தூக்கத்தில் நான் "ஃபுளூட்டன்" என்று கத்தினேனாம். அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "அன்னிக்கிப் பாதியில வுட்டுட்டோம். அதான் எம்புள்ளயப் புடிச்சிக்கிச்சி. இந்தத் தடவ முழுசா எடுத்துரணும்" என்றாள். என்மேல் உள்ள பாசத்தில்தான் என்னைத் தண்ணீருக்குக் கொடுக்கப் போகிறாள். அவளிடம் நான் என்ன சொல்ல? எனக்கு நீந்தத் தெரியாது மாமா. உங்களைப்போல மூச்சைப் பிடிக்கவும் வராது.

பக்கத்தில் ஒரு கிழங்கும் கத்தியும் வைத்திருக்கிறேன். எழுதுவதை இடையிடையே நிறுத்தி உரிக்கிறேன். கை நடுங்குகிறது. ஆனாலும் தோல் பாதிக்குமேல் வந்துவிட்டது, அறுபடவில்லை. அந்தத் தளபதி கிழங்கு உரித்தபோது அவனுக்கும் கை நடுங்கியிருக்குமா? நான் அதை உங்களிடம் கேட்கவே இல்லை. இதோ, இன்னும் ஒரு சுற்று உரித்துவிட்டால்

டக் என்றது. கூரையில் இல்லை, கதவில். பெரியம்மாவின் இருமல் நின்றுவிட்டது. மறுபடியும் டக். அம்மா என்றால் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். யாரும் கூப்பிடவில்லை. விளக்கை ஊதப் போகிறேன். மாமா, மூச்சைச் சின்னதா